இனிஷியல் பொருத்தம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பிள்ளைக்குப் பெயர் வைக்க யாரும் புத்தகம் புரட்டுவதில்லை. ஆண்டாள், கோதை, கோதைநாயகி, ரெங்கநாயகி, இவற்றில் ஒன்றைத் தொட்டால் முடிந்தது. நான் படித்த வகுப்பில் டீச்சர் "கோதை" என்று கூப்பிட்டால் பெஞ்சுக்கு ஒருத்தி எழுந்து நிற்போம். எங்களைப் பிரித்துக் காட்டியது பெயரில்லை, இனிஷியல். நான் எஸ். கோதை. ஸ்கேலால் அடி வாங்குகிறவள் வி. கோதை. கணக்கில் நூறு எடுத்து எங்கள் எல்லாருக்கும் வீட்டில் திட்டு வாங்கிக் கொடுத்தவள் ஆர். கோதை.

கல்யாணமானதும் நான் ஆர். கோதை ஆனேன். ராஜபாளையத்து மாப்பிள்ளை, பெயர் ராமச்சந்திரன். "அவளை மாதிரி இருடி" என்று சொல்லிச் சொல்லி அம்மா வளர்த்தாள். கடைசியில் அவளாகவே ஆகிவிட்டேன். கணக்கு மட்டும் வரவில்லை. அந்த அசல் ஆர். கோதைக்கு வாய்த்தவர் சீனிவாசன். என் எழுத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

ஜப்பானில் இதை இப்படிச் சும்மா விடமாட்டார்கள். 1898-இல் வந்த சிவில் சட்டத்திலிருந்தே அங்கே புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே குடும்பப் பெயர்தான். யாருடைய பெயர் என்பதை இருவரும் பேசி முடிவு செய்யலாம் என்று போருக்குப் பிறகு திருத்தினார்கள். பேசி முடிவு செய்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பெண்கள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். என்ன பேசியிருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015-இலும் 2021-இலும் சட்டம் சரிதான் என்று தீர்ப்பானது. கனடாவின் கியூபெக்கில் நேரெதிர்: 1981 முதல், பிறந்த பெயரோடேயே இரு, கல்யாணத்தைச் சாக்கிட்டு மாற்றாதே என்று அரசாங்கமே சொல்லிவிட்டது.

நமக்குக் குடும்பப் பெயரே கிடையாதே, என்ன பிரச்சினை என்று நீங்கள் கேட்கலாம். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. நல்ல காரியம். வாலை நறுக்கினோம். தலையில் ஒரே ஓர் எழுத்து மிஞ்சியது. சண்டையெல்லாம் அந்த எழுத்துக்குள் குடிபோய்விட்டது.

புகுந்த ஊரில் விஷயம் இன்னும் கொஞ்சம் விஸ்தாரம். ராஜபாளையத்து ராஜாக்களுக்கு வால் உண்டு, தலையிலும் இரண்டு எழுத்து உண்டு. முதலெழுத்து வீட்டுப் பெயர், அடுத்தது அப்பா பெயர். சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, முழுதாகச் சொன்னால் பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா. ஜப்பான் சட்டம் பிறந்த அதே 1898-இல் பிறந்தவர். 1952 தேர்தலில் அவரை ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி தோற்கடித்தது. என் கல்யாணப் பந்தியில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் இதைப் பேசத் தொடங்கி, ரசம் வருவதற்குள் குரல் உயர்ந்துவிட்டது. ராஜாக்கள் வீடுகளில் கல்யாணமாகிப் போகிற பெண் வீட்டுப் பெயரையும் சேர்த்து மாற்றிக்கொள்வது வழக்கம். நான் போனது அந்த மாதிரி வீடு இல்லை, எனக்கு ஓர் எழுத்தோடு போயிற்று.

இந்த ஓர் எழுத்துக் கணக்கைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். ஆங்கிலேயன் பெண்டாட்டி, புருஷனுடைய குடும்பத்தின் பெயரை வாங்கிக்கொள்கிறாள். நாம் புருஷனுடைய பெயரையே வாங்கிக்கொள்கிறோம். பிள்ளைகளும் அதையேதான் வாங்குகிறார்கள். எங்கள் வீட்டில் நான் ஆர். கோதை, மகன் ஆர். கார்த்திக், மகள் ஆர். திவ்யா. அவர் மட்டும் எம். ராமச்சந்திரன், ஏனென்றால் அவருடைய இனிஷியல் மாமனாருடையது. இனிஷியல்படி நான் அவருக்கு மூத்த மகள். ஒருமுறை மகனுடைய பள்ளியில் கையெழுத்துப் போடப் போனபோது, புதிதாக வந்த கிளார்க் பையன் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க கார்த்திக்குக்கு அக்காவா?" என்றான். "ஆமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

அரசாங்கத்துக்கும் நான் யாருடையவள் என்பதில் தெளிவில்லை. என் பான் கார்டில் கல்யாணமான பிறகும் அப்பா பெயர்தான். வாக்காளர் அட்டையில் கணவர் பெயர். வருமான வரி கட்டும்போது நான் சுப்பையா மகள், ஓட்டுப் போடும்போது ராமச்சந்திரன் சம்சாரம். பெயரை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட்டுக்குக் கல்யாணச் சான்றிதழ்கூட வேண்டாம் என்று தளர்த்திவிட்டார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் பலரும் அப்பாவையோ புருஷனையோ உட்கார வைக்கிறோம். விமான நிலையத்தில் "மிஸ் சுப்பையா" என்று கூப்பிட்டால், செத்துப்போன அப்பாதான் திரும்பிப் பார்க்கவேண்டும்.

எங்கள் ஊரில் ஒருத்திக்குத்தான் இந்தத் தொல்லையில்லை, ஆண்டாளுக்கு. துளசிச் செடியடியில் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்த பிள்ளை, அதனால் இனிஷியல் கேட்க ஆளில்லை. கட்டினால் ரெங்கனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள், கட்டினாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். மாப்பிள்ளை ரெங்கமன்னார் என்ற பெயரோடு மாமனார் ஊரிலேயே தங்கிவிட்டார். பக்கத்தில் கருடன். பெரியாழ்வார் கருட அம்சம் என்பது ஐதீகம், ஆக மாமனாரும் கூடவே நிற்கிறார். கோயிலுக்குப் பெயர் ஆண்டாள் கோயில். 192 அடி ராஜகோபுரம் முறைப்படி வடபத்ரசாயி சன்னதிக்கு உரியது. ஊர் வாயில் அதுவும் ஆண்டாள் கோபுரம்தான். அரசு முத்திரையில் இருப்பதும் அதுவே என்போம். மதுரைக்காரர்கள் அது மீனாட்சியம்மன் கோயில் மேலைக் கோபுரம் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். பெயர் மாற்றம் அறிவிக்கும் அரசிதழில் மேலே அந்த முத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பெயரை மாற்றாதவளுடைய கோபுரம், மாற்றுகிறவர்களுக்கெல்லாம் சாட்சி.

இப்போது திவ்யாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். தரகர் பத்துப் பொருத்தம் பார்த்து ஜாதகம் கொண்டுவந்தார். அவள் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, "அங்கிள், ஆர்-ல ஆரம்பிக்கிற பையனா பாருங்க" என்றாள். சர்டிபிகேட், ஆதார், வங்கிக் கணக்கு, எதிலும் கை வைக்க வேண்டாமாம். "எழுத்தே மாத்தலைன்னா ஆச்சுல்ல, அதுக்கு எதுக்கு ஆர்?" என்று நான் கேட்டேன். "நான் மாத்தலைன்னு அவங்க வீட்டுல யாரும்மா சண்டை போடுறது? ஆர்-னா அவங்க மாத்திட்டேன்னு நினைச்சுக்குவாங்க, நான் மாத்தலைன்னு நினைச்சுக்குவேன்" என்றாள். கணக்கு இவளுக்கு வருகிறது.

இந்த வட்டாரத்தில் ஆர்-க்குப் பஞ்சமா? ராஜபாளையம் என்றால் ராஜா, ராஜேஷ், ராம்குமார். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ரெங்க என்று தொடங்கும் அத்தனையும். தரகர் நாலே நாளில் ஒரு ரெங்கராஜனைப் பிடித்துவந்தார். பால்கோவா ஊர்ப் பையன், கோவையில் வேலை, நல்ல குடும்பம். திவ்யா அப்பா ஜாதகத்தைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கடைசிப் பக்கத்தில் பையன் போட்ட கையெழுத்தைப் பார்த்தார். முன்னெழுத்தையும் தமிழில்தான் போடவேண்டும் என்று 2021-இல் அரசு ஆணை வந்ததிலிருந்து, அரசு ஊழியரான எங்கள் வீட்டுக்காரருக்கு எந்தக் கையெழுத்தையும் சும்மா பார்க்க வராது.

"கோதை, இங்க வா" என்றார். "இவன் ரெங்கராஜன் இல்ல. இலக்கணமா அரங்கராஜன்னு எழுதியிருக்கான்."

தரகர் என்னைப் பார்த்தார். நான் திவ்யாவைப் பார்த்தேன். அவள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க இராமச்சந்திரன்னு எழுதுங்க, எனக்கு இ வரும். அவருக்கு அ. பக்கத்துப் பக்கத்து எழுத்துதானே, வரச் சொல்லுங்க, பேசிப் பாப்போம்" என்றாள்.

"நடுவுல ஆ இருக்கேடி" என்றாள் அத்தை, கட்டிலில் இருந்தபடியே.