அட்டைப்படப் படிவியல்: பெரம்பலூர் – அரியலூர் மாணவர் குழு ஒன்றை முன்வைத்து

1. ஆய்வுச் சிக்கல்

ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீடியோ கேமுக்கு அட்டைப்படம் செய்தால், செய்பவர் எத்தனை பேர்? விடை தேடி, ஒரு கல்லூரி புராஜெக்ட் குழுவைப் பக்கத்து டீக்கடை பெஞ்சிலிருந்து இவ்வாய்வாளர் உற்றுநோக்கினார். மூவர் பெரம்பலூர், இருவர் அரியலூர். கேமின் கதை: பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை கிராமத்தின் செம்மண் பள்ளங்களில் வழிதவறியவனை, கல்லாகிக் கிடந்த சுருள் ஓட்டுக் கடலுயிரிகளான அம்மோனைட்டுகள் உயிர்பெற்றுத் துரத்துகின்றன. கேம் இன்னும் பிறக்கவில்லை, அட்டைக்குத்தான் அவசரம்.

2. முன்னோர் முடிபு

அட்டைக்கும் கேமுக்கும் ஒட்டுறவு வேண்டும் என்ற மூடநம்பிக்கையை 1987லேயே தகர்த்தது 'மெகா மேன்' கேமின் அமெரிக்க அட்டை. திரையில் கையே பீரங்கியாக உள்ளவனுக்கு அட்டையில் கைத்துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். 1993இல் வந்த 'டூம்' அட்டையை வரைந்தவர் டான் ஐவன் பஞ்சாட்ஸ். மாடலின் தோரணை சரிப்படாததால், கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரோமெரோவே சட்டையைக் கழற்றிவிட்டுப் போஸ் கொடுத்தார். இதைக் கேள்விப்பட்ட நம் குழுவிலும் ஒருவன் வேப்பங்குச்சியோடு காரையில் போய் நின்றான். சட்டையைக் கழற்றும்படி யாரும் கேட்கவில்லை. கழற்றினான்.

3. முறையியல்

ஃபோட்டோஷாப்பில் படம் லேயர் லேயராக ஏறும். இவ்வட்டாரத்து மண்ணும் அப்படியே. இங்குள்ள கிரிட்டேசியஸ் காலப் பாறைகளை உத்தட்டூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனக் கீழிருந்து மேலாக மூன்று தொகுதிகளாக 1860களில் பிரித்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். அவர் பாறையில் செய்ததை நம் குழு ஃபைலில் செய்தது.

4. கண்டறிந்தவை

அடியடுக்கு, செம்மண். சண்டையில்லாத ஒரே அடுக்கு இதுதான். அதன்மேல் பெரம்பலூர்க்காரன் ரஞ்சன்குடிக் கோட்டையை வைத்தான். "அப்ப கங்கைகொண்ட சோழபுரம் என்ன தொக்கா?" என்றான் அரியலூர்க்காரன், கோட்டையின் தலையில் விமானம் ஏறியது. பதிலுக்குச் சாத்தனூரின் 18 மீட்டர் கல்மரம் குறுக்கே விழ, கதாநாயகன் இடுப்புக்குக் கீழே காணாமல் போனான். 2009இல் செந்துறைப் பக்கம் கண்டெடுத்த டைனோசர் முட்டைகள் வந்து மீதி உடம்பையும் மறைத்தன. உச்சியடுக்கில், பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் மரபு வழுவாமல், ஐவரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள்.

"எல்லாத்தையும் மெர்ஜ் பண்ணிடுவோம்" என்றான் ஒருவன். லேப்டாப்புக்குச் சொந்தக்காரி ஒப்பவில்லை. "மெர்ஜ் பண்ணி சேவ் பண்ணிட்டா அப்புறம் பிரிக்கவே முடியாதுடா."

இவ்விடத்தில் ஓர் எதிர்ச்சான்று. 1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் இரண்டும் மெர்ஜ் ஆயின. 2007இல் மறுபடி பிரிந்தன. சென்னைக் கோட்டையில் ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம் ஃபோட்டோஷாப்பில் முடியவில்லை என்பது மென்பொருளின் குறையே.

5. முடிவு

சமர்ப்பித்த அன்று அட்டையில் இருந்தவை: செம்மண், சுருண்ட ஓர் அம்மோனைட், ஓரத்தில் வேப்பங்குச்சியோடு சட்டையில்லாத ஒருவன். முந்தின இரவு நால்வரும் தூங்கிய பிறகு, லேப்டாப்புக்காரி மற்ற லேயர்களின் கண் குறியை ஒவ்வொன்றாக அணைத்திருந்தாள். எதையும் அழிக்கவில்லை. கேட்டால் காட்டலாம் என்றிருந்தாள், ஒருவரும் கேட்கவில்லை.

"கோட்டை நான் போட்டது சார்" என்றான் முதலாமவன். ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டையில் தேடினார்.

"எங்கப்பா கோட்டை?"

அவனும் தேடினான். பிறகு லேப்டாப்புக்காரியைப் பார்த்தான்.

"அடியில இருக்கு சார்" என்றாள் அவள்.

ஆசிரியர் அரியலூர்க்காரர். அடியில் இருப்பதாகச் சொன்னால் நம்பிப் பழகியவர். ஐவருக்கும் ஒரே மதிப்பெண் போட்டார்.