சுதைப் பூக்களைச் சுவடின்றி அழிப்பது எப்படி?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கடைவீடு வாங்கிவிட்டீர்களா? வாழ்த்துகள். சன்னலுக்கு மேலே மாலையும் கொடியுமாகச் சுதைவேலை இருக்கிறது. பூச்சின்மேல் பூச்சாகப் பெயிண்ட் ஏறியதில் இதழ் எது, இலை எது என்று தெரியவில்லை. தீபாவளிக்குள் பளிச்சென்று ஆகவேண்டும், அவ்வளவுதானே? வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. அனுமதி கேட்காதீர்கள். 1989 ஜூலை 7 முதல் இது மரபுப் பாதுகாப்பு வட்டாரம். நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் போனால், இருப்பதை முடிந்தவரை விட்டுவை, பக்குவமாக மீட்டெடு, கவனமாகப் பழுதுபார் என்பார்கள். மூன்றுமே நேரம் பிடிக்கும்.

2. சோதித்துப் பார்க்காதீர்கள். பழைய வெள்ளைப்பூச்சு தண்ணீருக்கும் மென்தூரிகைக்கும் இளகும். எண்ணெய்ப் பெயிண்டுக்கு நீக்குபசை தடவி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி, ஊறவிட்டு, மரக்கரண்டியால் வழிக்கவேண்டும். எது எதற்கு இளகும் என்று மறைவான மூலையில் உள்ளங்கை அளவு பார்ப்பார்கள் பயந்தவர்கள். நீங்கள் நடுப்பூவிலேயே தொடங்குங்கள்.

3. உலர்வாகவே தேயுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈரப்படுத்தினால் தூசி அடங்கிவிடும். உலர்வாகத் தேய்த்தால்தான் ஐந்தடி நடைபாதை முழுக்கப் பரவி, கீழ்க்கடைப் பரோட்டாக்கல் வரை போகும். அது போதாதென்றால் வெப்பத்துப்பாக்கி பிடியுங்கள். ஈயம் புகையாகவே கிடைக்கும். இதில் அதிகம் பாதிக்கப்படுவது குழந்தைகள். அவர்கள் புகார் எழுதமாட்டார்கள்.

4. இன்னும் அவசரமா? ஆசிட் ஊற்றுங்கள். சுண்ணாம்பில் பட்டதும் நுரைத்துக் கிளம்பும். நுரையோடு போவது பெயிண்ட் அல்ல, பூ. மிச்சத்தை மணல் பீய்ச்சி முடித்துவிடலாம்.

5. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் பக்கம் போகாதீர்கள். 1856இல் அடிக்கல் நாட்டிய அந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். மெட்ராஸ் சுண்ணாம்பு என்று அதற்குப் பெயர். கைதிகளுக்கு அவசரம் ஏது? உங்களுக்குத் தீபாவளி வருகிறது.

6. உடைந்த இடத்தில் சிமெண்டை அப்பி, மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடியுங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். இனி விட வழியில்லை. உள்ளே தங்கிய ஈரம் உப்பைத் தள்ளிக்கொண்டு வர, பெயிண்ட் கொப்பளித்து, சாந்தோடு பெயர்ந்து விழும். கவலைப்படாதீர்கள். அடுத்த தீபாவளிக்குச் சுரண்டும் கூலி மிச்சம்.