ரெட் சேனல் சித்தப்பா

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கொரு சித்தப்பா இருக்கிறார். சில வீடுகளில் அவர் மாமா, சில வீடுகளில் பெரியப்பா. உறவுமுறைதான் மாறும், உத்தியோகம் ஒன்றுதான். ஜொகூர் பாருவுக்கு யார் கிளம்பினாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். கேட்காமல் போனால் கோபித்துக்கொள்ள மாட்டார். நாம் திரும்பி வந்ததும் கையிலிருக்கும் பைகளை மேலும் கீழும் பார்த்து "ம்..." என்பார். அந்த ஒரு "ம்" போதும், அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது.

இவர் சுங்கத்துறையில் வேலை பார்த்தவரா என்றால், இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளில் லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஓய்வு பெற்ற மறுநாளே சுங்க விதிகள் அவருக்குள் குடியேறிவிட்டன. ஆரம்பித்தால் ஓதுவார் பதிகம் சொல்வதுபோல ஏற்ற இறக்கத்தோடு சொல்வார். "நாட்டை விட்டு வெளியே 48 மணி நேரத்துக்குக் குறைவா இருந்தா, 100 வெள்ளி பொருளுக்கு வரி இல்லை. 48 மணி நேரமோ அதுக்கு மேலயோ இருந்தா 500 வெள்ளி. அதுக்கு மேல உள்ள தொகைக்கு 9 விழுக்காடு." இங்கே நிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். "2019 பிப்ரவரி வரைக்கும் 150, 600ன்னு இருந்துச்சு. குறைச்சிட்டாங்க." ஏதோ அவருடைய பென்ஷனைக் குறைத்துவிட்டதுபோல் அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு துயரம் இருக்கும்.

இந்தப் படிப்புக்கெல்லாம் மூலகாரணம் ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரு கடற்பாலம். 1924ல் முறைப்படி திறந்தார்கள். இந்தப் பக்கம் உட்லண்ட்ஸ், அந்தப் பக்கம் ஜொகூர் பாரு. இரண்டு நாட்டுக் காசும் ஒன்றுக்கு ஒன்று என்று செல்லுபடியான காலம் 1973ல் முடிந்துபோனது. இப்போது ஒரு வெள்ளியைக் கொடுத்தால் மூன்று ரிங்கிட்டும் சில்லறையும் கையில் விழுகிறது. பிறகு மனிதன் சும்மா இருப்பானா? சலவைத்தூள், சமையல் எண்ணெய், மைலோ, குழந்தைக்கு டயப்பர் என்று எல்லாமே அந்தப் பக்கம் மலிவு. நாளொன்றுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைக் கடக்கிறார்கள். அதில் எத்தனை பேர் விதிகளைப் படித்திருப்பார்கள் என்பது சித்தப்பாவின் நிரந்தரக் கவலை.

விதியைப் படிப்பது வேறு, விதியோடு வாழ்வது வேறு. சித்தப்பா இரண்டாவது ரகம். 48 மணி நேரக் கணக்கை அவர் கையாளும் விதத்தைப் பார்த்தால் புரியும். வெள்ளிக்கிழமை மாலை 6 மணி 10 நிமிடத்துக்கு உட்லண்ட்ஸில் வெளியேறினோம் என்றால், அதைத் தன் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். ஞாயிறு மாலை 6.10க்கு முன் திரும்பி நுழைந்தால் 100 வெள்ளி, 6.10 தாண்டிவிட்டால் 500. ஒருமுறை ஞாயிறு மாலை ஐந்தேகாலுக்கே பாலத்துப் பக்கம் வந்துவிட்டோம். பார்த்தால் அதிசயமாக நெரிசலே இல்லை. மற்றவர்கள் மாரியம்மனுக்கு நன்றி சொல்லிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிக்க, சித்தப்பாவின் முகம் வாடிப்போனது. கடற்பாலத்தில் டிராபிக் ஜாம் வேண்டும் என்று மனமுருக வேண்டிக்கொண்ட ஒரே மனிதரை அன்றுதான் பார்த்தேன். வண்டியை மெல்ல உருட்டினார். பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். இடது லேனுக்கும் வலது லேனுக்கும் காரணமில்லாமல் மாறினார். முன்னால் புகுந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டார். பாலத்தில் யாரும் யாருக்கும் வழிவிட்டதாகச் சரித்திரமே கிடையாது; அவர்களும் சந்தேகத்தோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

சித்தி பின் சீட்டில் சாய்ந்தபடி நிதானமாகக் கேட்டார்: "ஏங்க, 500ஐயும் முழுசா வாங்கித் தீர்த்தாலும் மிச்சம் எவ்வளவு?"

"400 வெள்ளிக்கு 9 விழுக்காடு. 36 வெள்ளி."

"ரெண்டு ராத்திரி ஓட்டலுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?"

அதற்குப் பதில் வரவில்லை. விதிப்புத்தகத்தில் ஓட்டல் வாடகையைப் பற்றி ஒன்றும் இல்லை.

பெட்ரோல் விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூர் வண்டி நாட்டை விட்டு வெளியேறும்போது டாங்கியில் முக்கால் பாகம் பெட்ரோல் இருக்க வேண்டும். 1989ல் அரை டாங்கி என்று ஆரம்பித்து, 1991ல் முக்காலாக உயர்த்தினார்கள். இங்கே போட வேண்டிய பெட்ரோலை எல்லாரும் அங்கே போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாதே என்பதற்காக. குறைந்தால் 500 வெள்ளி வரை அபராதம். கிளம்புவதற்கு முன் சித்தப்பா பெட்ரோல் முள்ளைப் பார்ப்பார் பாருங்கள், வயிற்றுப்பிள்ளைக்காரியின் ஸ்கேனைப் பார்க்கும் டாக்டரிடம்கூட அந்தக் கவனத்தைக் காண முடியாது. முள் முக்காலைத் தொட்டும் தொடாமல் நிற்கும். கண்ணாடியை விரலால் தட்டுவார். தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்ப்பார், அப்படிப் பார்த்தால் கொஞ்சம் ஏறியதுபோல் தெரியும். பிறகு மனசாட்சி உறுத்தி, நேராக உட்கார்ந்து பார்த்து, பெருமூச்சோடு 10 வெள்ளிக்குப் போட்டுக்கொள்வார்.

அந்தப் பக்கம் போனதும் இன்னொரு உபதேசம். "மஞ்சள் கைப்பிடியைத் தொடாதே! அது 95. வெளிநாட்டு வண்டிக்கு அதை விக்கக் கூடாதுன்னு 2010லேயே சொல்லிட்டாங்க. நமக்குப் பச்சைதான், 97." மானியம் மலேசியர்களுக்கு, அவர்கள் வரிப்பணம், அதில் நாம் கை வைக்கலாமா என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்த நிமிடமே அந்த 97ஐ மூடிவரை நிரப்புவதற்காக வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துக் குலுக்குவார். நாலு பேர் இறங்கிக் குலுக்க வேண்டும். குலுக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

போன தீபாவளிக்கு முன் ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவின் அண்ணன் மகனையும் அழைத்துக்கொண்டு போனோம். பையனுக்குக் கப்பல் பட்டறையில் வேலை, ஒர்க் பெர்மிட். 2023 டிசம்பரிலிருந்து மலேசியா போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றானதால் அவனுக்கும் ஆசை. முதலில் கண்ணாடிக் கோயிலில் அம்மனைக் கும்பிட்டோம். அப்புறம் லிட்டில் இந்தியா. ஜாலான் உங்கு புவான் தெருவில் ராஜமாரியம்மன் கோயிலைச் சுற்றிப் புடவைக் கடைகளும் பூக்கடைகளும் பலகாரக் கடைகளும் நெருக்கிக்கொண்டு நிற்கும். பையன் ஆசையாக 60 ரிங்கிட்டுக்கு ஒரு சட்டை எடுத்தான். சித்தப்பா அவனைத் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப் போனார்.

"தம்பி, உனக்கு இந்த 100 வெள்ளிச் சலுகை கிடையாது."

"ஏன் சித்தப்பா?"

"ஒர்க் பெர்மிட், எம்ப்ளாய்மென்ட் பாஸ், ஸ்டூடன்ட் பாஸ், இந்த மாதிரிப் பாஸ் வச்சிருக்கவங்களுக்குச் சலுகை இல்லை. குடிமக்களுக்கு உண்டு, நிரந்தரவாசிக்கு உண்டு, சுற்றுப்பயணிக்கு உண்டு. உனக்கு முதல் வெள்ளியிலிருந்தே வரி."

"ஒரு சட்டைக்கா?"

"சட்டை 18 வெள்ளி வருது. கணக்குப்படி 1 வெள்ளி 60 காசு சொச்சம்."

பையன் சட்டையைப் பார்த்தான், சித்தப்பாவைப் பார்த்தான். "லீவு நாளில கிளம்பி வந்து சட்டை எடுக்கிற எனக்கு வரி, காருல வர்ற உங்களுக்கு சலுகையா?" என்றான். சித்தப்பாவிடம் பதில் இல்லாத இடங்கள் மிகக் குறைவு. இது அவற்றுள் ஒன்று. விதி அப்படித்தான் இருக்கிறது என்றார். அப்புறம் பையனுக்குத் தெரியாமல் பர்ஸைத் திறந்து 2 வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்து அவன் சட்டைப் பையில் செருகினார். இந்த மனிதரைக் கேலி செய்து எழுதிக்கொண்டிருக்கும்போது இதுமாதிரி நடுவில் எதையாவது செய்து என் பேனாவைத் தடுமாற வைத்துவிடுகிறார்.

பட்டாசுக் கடைப் பக்கம் போகவே விடவில்லை. சிங்கப்பூருக்குள் பட்டாசு கொண்டுவரத் தடை. பையன் ஆசைப்பட்ட துப்பாக்கி வடிவ லைட்டரும் தடை. சிகரெட்டுக்கு ஒன்றுகூடச் சலுகை இல்லை. மதுவா, மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது. இப்படி வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் சூயிங்கத்தில் வந்து நின்றார். இது அவருக்குப் பிடித்த பாடம். "எல்லாரும் சிங்கப்பூர்ல சூயிங்கம் மென்னா ஜெயில்னு நினைக்கிறாங்க. தப்பு! 1992ல தடை பண்ணது இறக்குமதியும் விற்பனையும்தான். மெல்றதை யாரும் தடுக்கலை. 2004லேருந்து மருந்துக்கான சூயிங்கம் மட்டும் பார்மசியில கிடைக்கும். விளங்குதா? கொண்டுவரக் கூடாது. மெல்லலாம்." சித்தி இதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேட்டதுபோல் எனக்குப் பட்டது. பிறகு அவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

அன்றைய பெரிய சரக்கு, மகள் வளைகாப்புக்குச் சித்தி எடுத்த பட்டுப் புடவை. 700 ரிங்கிட். கடைக்காரர் பில்லை நீட்டியதும் சித்தப்பாவின் கண்ணில் ஓர் ஒளி வந்தது. 100 வெள்ளியைத் தாண்டிவிட்டது!

சித்தி வழிகளைச் சொல்லிப் பார்த்தார். "பாதி உங்க கணக்கு, பாதி என் கணக்குன்னு வச்சுக்கலாமே?"

"ஒரே புடவையை எப்படிப் பாதியாக்குவ? அவங்கவங்க சலுகை அவங்கவங்களுக்குத்தான்."

"அப்ப கட்டிக்கிட்டு வந்திடறேன். கட்டினா பழசுதானே?"

"கட்டினாலும் புதுசு புதுசுதான். இன்னிக்கு வாங்கினதை இன்னிக்குக் கட்டினா அது பழைய புடவை ஆயிடுமா?"

"உங்களுக்கு வரி கட்டணும்னு ஆசை. அதைச் சொல்லுங்க."

உண்மை அதுதான். இத்தனை வருஷம், வரி கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் போய்ப் போய் அந்த மனிதர் நொந்துபோயிருந்தார். பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளி மதிப்பைப் பென்சிலால் எழுதி, யாராவது கேட்டால் மடமடவென்று சொல்லத் தயாராக வருவார். அதிகாரி டிக்கியைத் திறக்கச் சொல்வார், எட்டிப் பார்ப்பார், "போகலாம்" என்று கையசைப்பார். பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்துக்கொண்டு போனவனிடம் கேள்வித்தாளே கொடுக்காமல் அனுப்பினால் எப்படி இருக்கும்? வரியை ஏய்த்தால் 20 மடங்கு வரை அபராதம் என்று அவருக்குத் தெரியும். ஏய்க்காதவனை இரண்டு வார்த்தை பாராட்ட ஏற்பாடு எதுவும் இல்லை என்பதுதான் அவர் மனக்குறை.

அன்று வரி கட்டுகிறவர்களுக்கான சிவப்பு வழி, அதாவது ரெட் சேனல். வண்டியை நிறுத்திவிட்டு உறையைக் கையில் எடுத்துக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். கவுன்டரில் இருந்தது நம் தமிழ்ப் பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்கும்.

"அங்கிள், இதை போன்லயே கட்டியிருக்கலாமே. வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்."

"தெரியும் தம்பி. நேர்ல கட்டணும்னு வந்தேன்." சொல்லிவிட்டுத் தாளை நீட்டினார். "700 ரிங்கிட். வெள்ளிக்கு 3.30. 212 வெள்ளி 12 காசு. அதுல 100 கழிச்சா 112.12. ஒன்பது விழுக்காடு, 10 வெள்ளி 9 காசு. சரியா?"

பிள்ளை கம்ப்யூட்டரைத் தட்டினான். "10 வெள்ளி 21 காசு அங்கிள்."

கடைத்தெருவே நின்றுபோனதுபோல் சித்தப்பா நின்றார். "எப்படி?"

"நீங்க மணி சேஞ்சர் ரேட்ல போட்டிருக்கீங்க. எங்களுக்குத் தனி ரேட், வாராவாரம் மாத்துவாங்க."

12 காசு. பின்னால் நின்றவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். சித்தப்பா பணத்தைக் கட்டி, ரசீதை வாங்கி, அதையும் உறைக்குள் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். பிகேஇ விரைவுச்சாலை வரைக்கும் வாய் திறக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் மட்டும் ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தன. வாராவாரம் மாறும் அந்த ரேட்டை எங்கே பார்ப்பது என்று யோசித்திருக்க வேண்டும்.

சித்திக்குப் பாவமாகிவிட்டது. கைப்பையைத் திறந்து, பளபளவென்ற ஒரு சின்னப் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து முன்னால் நீட்டினார். "விடுங்க, 12 காசுதானே. இதை ஒண்ணு வாயில போட்டுக்குங்க."

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். சூயிங்கம்.

"இதை எங்கே வாங்கின?"

"தண்ணி வாங்கின கடையிலதான். சில்லறை இல்லைன்னு கொடுத்தான்."

சித்தப்பாவின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. ஆனால் விரைவுச்சாலையில் அவசரமில்லாமல் வண்டியை ஓரம் கட்டக் கூடாது. அந்த விதியும் அவருக்குத் தெரியும். திரும்பி உட்லண்ட்ஸுக்குப் போவதற்கு வழி அடுத்த எக்ஸிட்டில்தான். நெற்றியில் வேர்வை. பின் சீட்டில் பையன் சிரிப்பை அடக்கப் புதுச் சட்டையை வாயில் வைத்துக்கொண்டான்.

"எதுக்கு இப்படி முழிக்கிறீங்க?" என்றார் சித்தி, தன் வாயில் ஒன்றைப் போட்டுக்கொண்டு. "கொண்டுவர்றதுதான் தப்பு, மெல்லலாம்னு நீங்கதானே சொன்னீங்க? கொண்டுவந்தாச்சு. மெல்லுங்க."