குளிர்பெட்டி ஐந்திணை: நடுத்தட்டுக் கிண்ணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஃப்ரிட்ஜைப் பற்றி இதுகாறும் எழுதியோர் அதை ஒரு மின்சாதனமாகவே கண்டனர். அது நிலம் என்பதையும், அந்நிலம் ஐந்தாகப் பகுபடும் என்பதையும் இக்கட்டுரை முதன்முதலாக நிறுவுகிறது.

ஃப்ரீசர் குறிஞ்சி, மைனஸ் 18 டிகிரி. காய்கறி டிரே மருதம். அதற்கு மேலே உள்ள தட்டு நெய்தல்: பச்சை மீனும் கோழியும் இறுக மூடிய டப்பாவில் இங்கேதான் இருக்க வேண்டும், உயரத்தில் வைத்தால் நீர் சொட்டிச் சமைத்த பதார்த்தத்தில் கலக்கும். கதவு பாலை: திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று படுவதால் உள்ளதிலேயே வெப்பம் மிக்க நிலம். தமிழர் பாலைப் பாலையில் வைப்பதேன் என்பது தனி ஆய்வுக்குரியது.

எஞ்சிய நடுத்தட்டு முல்லை, உரிப்பொருள் இருத்தல். இங்கே இருப்பது கிண்ணம். எவர்சில்வர். உள்ளே இரண்டு கரண்டி வத்தக்குழம்பு, மேலே அளவு பொருந்தாத ஒரு தட்டு, தட்டின்மேல் கவிழ்த்த அரை மூடி எலுமிச்சை.

கிண்ணத்தின் காலம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. செவ்வாய்க்கிழமையது என்பது அம்மா கொள்கை (வாய்மொழி, அடுப்படி). இல்லை, கார்த்திகை மாதத்தது என்பது அப்பா துணிபு (வாய்மொழி, ஹால், செய்தித்தாளுக்குப் பின்னிருந்து). கிண்ணமே பக்கத்து வீட்டுடையது, ஆகவே நம் கால வரிசையில் அடங்காது என்பார் பாட்டி (வாய்மொழி, மருமகள் காதில் விழும் அளவுக்கு மெல்லிய குரல், திருத்தி விரிவாக்கிய பதிப்பு, இரவுச் சாப்பாட்டின்போது). மூவரில் ஒருவரும் தட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. அதைக் குறையென்று சொல்வதற்கில்லை. மூலத்தைத் திறக்காமலே நூலின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போவதற்கு நம் பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வே தருகிறார்கள்.

சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்து 3, 4 நாளில் தீர்த்துவிட வேண்டும் என்பது அறிவியலார் விதி. சோற்றிலுள்ள பேசில்லஸ் சீரியஸ் வித்துகள் கொதியிலும் பிழைக்கும். வெளியே கிடந்த சோற்றில் அவை பெருகி உண்டாக்கும் நஞ்சு, திரும்பச் சுடவைத்தாலும் போகாது. ஆனால் இவ்விதிகள் கிண்ணத்தைக் கட்டா. அதை யாரும் தின்பதற்காக வைக்கவில்லை. இரண்டு கரண்டிக் குழம்பை அன்றே கொட்டினால் பாவம். கெட்டபின் கொட்டினால் சுத்தம். அந்தப் பாவம் சுத்தமாகும் வரை கரண்ட் பில் கட்டி, 4 டிகிரியில் காத்து நிற்கிறோம்.

புளியும் நல்லெண்ணெயும் தூக்கலான வத்தக்குழம்பு அத்தனை சீக்கிரம் கெட்டுத் தொலைக்காது என்பதுதான் இதில் சிக்கல். பக்கத்தில் வைத்த அவியல், தேங்காயின் தயவால், நேற்றே அதை முந்திவிட்டது.