இரண்டு கிலோவாட்டுக்குக் கீழே இருப்பவர்களின் நன்றிக் கடிதம்

பெறுநர்: மத்திய மின்சார ஆணையம், சேவா பவன், ராமகிருஷ்ணபுரம், புதுதில்லி.

பொருள்: மின்கசிவுத் தடுப்பான் பொருத்துவதிலிருந்து ஏழை வீடுகளுக்கு விலக்கு அளித்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையத்தார்க்கு,

புதுச்சேரிப் பிரதேசத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கும் செல்லிப்பட்டிலிருந்து எழுதுகிறோம். நீங்கள் எங்களைப் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் மீது உங்களுக்குத் தனிக் கரிசனம் இருப்பது, உங்கள் ஒழுங்குமுறைகளைப் படித்த பிறகுதான் தெரிந்தது. வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் தடுப்பான் வேண்டும் என்கிறீர்கள். அதோடு, மின்பளு குறைவாக உள்ளவர்களுக்கு அந்தத் தொல்லை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டீர்கள். 2010-இல் அந்த வரம்பு 5 கிலோவாட். பிறகு மனம் இறுகி 2 கிலோவாட் ஆக்கினீர்கள். நாங்கள் அதற்கும் கீழே இருக்கிறோம். தடுப்பானின் விலை, இரண்டாயிரம் ரூபாய் சொச்சம், எங்களுக்கு மிச்சம்.

ஒரே ஒரு கணக்குதான் உதைக்கிறது. 2 கிலோவாட் என்றால் எட்டே முக்கால் ஆம்பியர். நீங்களே ஆபத்து என்று சொல்லும் 30 மில்லி ஆம்பியரைப் போல அது கிட்டத்தட்ட 290 மடங்கு. அதுகூட வேண்டாம், எங்கள் பிரதேசத்தில் குடிசைக்கு ஒரு விளக்கு என்று ஓர் இணைப்பு உண்டு. அதில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. அதே அளவு மனித நெஞ்சின் வழியே போனால் ஆளை முடித்துவிடலாம். அதாவது உங்கள் ஏட்டில் மிகச் சிறிய நுகர்வோர் வீட்டிலும் ஓர் உயிருக்கு வேண்டிய மின்சாரம் தாராளமாகவே இருக்கிறது. இந்த விஷயத்தில் மட்டும் பணக்காரர், ஏழை பேதம் பார்க்காத மின்சாரத்துக்கு நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நல்லது: உடம்புக்குள் நுழையும் முன் இணைப்பின் மின்பளு எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளவும்.

எங்கள் வீடுகளைக் கொஞ்சம் பாருங்கள். கிரைண்டர், மிக்சி, டேபிள் ஃபேன், டிவி எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிலோவாட் தாண்டாது. தரை சிமெண்டு, பாதி நேரம் ஈரம். மெயின் பெட்டியிலிருந்து கொல்லைக்குப் போகும் ஒயரைத் தாங்க ஓர் இரும்புக் குழாய். அந்தக் குழாயில்தான் துணி காயப்போடும் கொடிக்கம்பியின் ஒரு முனை. காற்றில் ஆடி ஆடி ஒயரின் தோல் குழாய் விளிம்பில் தேய்ந்திருக்கும், யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. மழை விட்டதும் ஈரப்புடவையை எடுத்துக்கொண்டு ஒருத்தி வெறுங்காலோடு வந்து கொடிக்கம்பியைத் தொடுவாள். பீஸ் கட்டை போகாது. அதில் இருப்பது மூன்று நான்கு புரி செம்புக் கம்பி. வீடே பற்றினாலும் உருகாது. எம்.சி.பி. வைத்திருந்தாலும் பலனில்லை. ஆறு ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது விழித்துக்கொள்ளும். அந்தப் பெண்ணின் உடம்பு வழியே போவது அதில் மிகச் சிறு பங்குதான். எங்கள் ஆற்றுப் படுகையணை உடைந்த 2021 வெள்ளத்துக்குப் பிறகு சுவரைத் தொட்டாலே சுருக்கென்ற வீடுகளும் உண்டு.

தடுப்பான் செய்யும் வேலை எளியது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஓர் இரும்பு வளையத்துக்குள் விட்டிருப்பார்கள். போனதும் வந்ததும் சமமாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். கொஞ்சம் குறைந்து, அந்தக் கொஞ்சம் யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்றால், கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். அது வாட்டைக் கேட்பதில்லை. அந்தப் பாடத்தை அதனிடமிருந்து நீங்கள் கற்றிருக்கலாம்.

இரண்டு கிலோவாட்டுக்கு மேலே இருக்கும் வீட்டுக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பொறாமை என்பீர்கள். அவர்களிடம் தடுப்பான் இருக்கிறது. சில வீடுகளில் வெறும் அலங்காரமாக. “ட்ரிப்பர் சும்மா சும்மா விழுது சார், தொல்லையா இருக்கு, நேரா குடுத்துட்டேன்” என்று ஒயர்மேன் அண்ணன் பெருமையாகச் சொல்கிறார். சும்மா விழாது அண்ணே, எங்கேயோ கசிகிறது என்றால், “மழைக்காலம் போனா சரியாயிடும்” என்கிறார். தடுப்பானின் மேலுள்ள ‘டி’ என்ற சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தச் சொல்லி எந்த விதியும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

இப்படி இருக்க, பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் எல்லா நுகர்வோருக்கும் தடுப்பானைக் கட்டாயமாக்கிவிட்டது. அந்த ஆணை எல்லைக்கல் தாண்டாது. ஆறும் மழையும் தாண்டுகின்றன. எங்கள் பிரதேசத்தில் பாரீசில் சொந்தக்காரர் இருப்பவர்கள் பலர். அங்கே 30 மில்லி ஆம்பியர் தடுப்பான் இல்லாத புது வீட்டுக்கு இடமே இல்லையாம். எங்களை ஆண்டுவிட்டுப் போன பிரெஞ்சுக்காரர்கள் இதை விட்டுவிட்டுப் போகக் கூடாதா என்று நாங்கள் கேட்க முடியாது, அவர்கள் போனது 1954-இல்; அமெரிக்காவில் சார்லஸ் டால்ஸியல் இந்த மாதிரிக் கருவியை உருவாக்கியதே 1961-இல்.

2021-இல் மட்டும் நாட்டில் மின்சாரம் தாக்கி 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் மின்பளு எவ்வளவு என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். விலக்குப் பெற்றவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கும் ஆவல்.

அல்லது வரம்பை 9 வாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, கருவியை மீட்டரோடு சேர்த்து நீங்களே மாட்டிக் கொடுத்தாலும் மறுப்பில்லை. அதுவரை கொடிக்கம்பியை அவிழ்த்து, நைலான் கயிறு கட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
0.8 கிலோவாட்,
செல்லிப்பட்டு.