இடது ஓரம்

1996இல் முதன்முதலாகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனபோது என்னிடம் ஒரு ஜெனித் காமிராவும், 36 படத்துக்கான ஒரே ஒரு ஃபிலிம் சுருளும், சமூகத்தைத் திருத்திவிடும் உத்தேசமும் இருந்தன. காமிரா மட்டும் இரவல். அப்போதெல்லாம் ஏழைகளைப் படமெடுக்காத காட்சித் தொடர்பியல் மாணவன் தேறியதாகச் சரித்திரம் இல்லை. பாடத்திட்டத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை; மார்க் மட்டும் அப்படித்தான் விழுந்தது. 1950இல் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுக்கப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலைக்கு வந்திருந்தார் என்று படித்திருந்தேன். நானும் அந்த ஜில்லாக்காரன்தான் என்ற உரிமையில், மகத்தான கணம் ஒன்றுக்காகக் காத்திருந்தேன்.

கணம் வந்தது, இருட்டில். விடியுமுன் ஏலம் சூடாக நடந்துகொண்டிருக்க, என் ஃபிலிமுக்குக் கண் தெரியவில்லை. வெளிச்சம் வந்தபோது ஏலம் முடிந்து, ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் கிடைத்தது வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா.

“இங்கே பாக்காதீங்கக்கா, உங்க வேலையப் பாருங்க.”

“பாக்காம எப்டிபா போட்டோ? சரி, எனக்கு ஒண்ணு குடுப்பியா?”

“கண்டிப்பாக்கா.”

இருட்டறையில், ஹைப்போ நெடியில், அந்த ஒரு படம் மட்டும் தேறியது. ஆனால் இடது ஓரத்தில் ஐஸ் பெட்டியில் சாய்ந்தபடி ஒரு ஆள். “கண்ணை இழுக்கிறான், எரிச்சுடு” என்றார் ஆசிரியர். எரிப்பது என்றால் வேறொன்றுமில்லை. மற்ற இடத்தை அட்டையால் மறைத்து, அந்த மூலைக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுப்பது, காகிதம் கறுத்துவிடும். இருபது விநாடியில் ஆள் அவுட். ‘உழைப்பின் முகம்’ என்று பெயர் வைத்தேன். இரண்டாம் பரிசு. அக்காவுக்குப் பிரதி கொடுப்பதற்குள் பரீட்சை வந்தது, வேலை வந்தது, கல்யாணம் வந்தது.

இப்போது நானே மாணவர்களைக் கூட்டிப் போகிறேன். கையில் ஒப்புதல் படிவம், பையில் டிரோன். காலை ஏழு மணிக்குள் ஒரு பெண் 1,100 படம் எடுத்திருந்தாள். விசைப்படகு மட்டும் ஒன்றுகூடக் கடலில் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மே மாதத்தில் தேதி குறித்த மேதை நான்தான். பிள்ளைகள் அசரவில்லை. கட்டிக்கிடந்த விசைப்படகுகளை எடுத்து ‘மௌனக் கடல்’ என்று தலைப்பும் போட்டுவிட்டார்கள். பரம்பரை குணம்.

பழைய பிரதியைக் கொண்டுபோயிருந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் நீட்டினேன்.

“அக்காவா? அது போயி ஆறு வருஷம் ஆச்சு சார்.”

படம் கைமாறிப் போனது. கொண்டாடுவார்கள் என்று நினைத்த முகத்தில் யார் கண்ணும் நிற்கவில்லை. நாற்பது வயதுக்காரர் ஒருவர் மட்டும் திருப்பித் தரவில்லை.

“ஓரத்துல கறுப்பா நிக்கிறது யாரு சார்?”

“தெரியலையே.”

“லுங்கிய மடிச்சிக் கட்டியிருக்கறது எங்க நைனா மாதிரியே கீது. அவரு போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. நெகட்டிவ் வெச்சிருக்கீங்களா?”

நெகட்டிவில் அவர் முழுசாக இருந்திருப்பார். டிரங்குப் பெட்டியில் பூஞ்சை பிடித்து, வீடு மாற்றும்போது போட்டுவிட்டேன்.

அவர் பிரதியைத் தரையில் வைத்து, தன் போனில் படமெடுத்தார். இரண்டு விரலால் அந்த மூலையைப் பெரிதாக்கினார். பிறகு வெளிச்சத்தைக் கூட்டினார். இன்னும் கொஞ்சம் கூட்டினார்.