விடுபட்ட அத்தியாயம்: செஞ்சி வட்டார அறிவியல் புனைகதை நட்பு பற்றி ஓர் ஆய்வு

செஞ்சியைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகள் எல்லாம் கோட்டையோடு நின்றுவிட்டன. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் அளந்தாயிற்று. கல்யாண மகாலின் மாடங்களை எண்ணியாயிற்று. 2025 ஜூலையில் மராத்தியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த யுனெஸ்கோ, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆனால் அதே செஞ்சியில், கூட்டு ரோட்டுப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக ஓயாமல் நடந்துவரும் வாக்குவாதத்தை எந்தத் துறையும் கண்டுகொள்ளவில்லை. தொல்லியல் துறை அதைச் சுற்றி ஒரு கம்பிவேலிகூடப் போடவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் நால்வர். நால்வரும் செஞ்சிக்காரர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள், எழுத்தாளர் சுஜாதாவின் ரசிகர்கள். பெயர்கள் மறைக்கப்படுகின்றன. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலில் குடிமக்களுக்கு இரண்டெழுத்துக்கு மேல் பெயர் கிடையாது: நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, இயந்திர நாய்க்கும் அதே சட்டப்படி ஜீனோ. அந்தச் சிக்கனத்தையும் தாண்டி, நம்மவர்களுக்கு ஓரெழுத்தே போதும் என்று முடிவு செய்து அனா, ஆவன்னா, இனா, ஈயன்னா என வழங்குகிறோம்.

அனா மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை அத்துறைக்கு இழுத்தது 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். பணியில் அனாவுக்குப் பலமுறை ஷாக் அடித்திருக்கிறது, ஒருமுறையும் மறையவில்லை. கரண்ட் போன இரவுகளில் ஊர்க்காரர்கள் தேடும்போது மட்டும் மறைந்துவிடுவார் என்பது ஆவன்னாவின் கூற்று.

ஆவன்னா அறிவியல் வாத்தியார். தேர்தல் பணிக்குப் போகும் இடமெல்லாம் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தட்டிக் காட்டி, "இது எங்க வாத்தியார் பண்ணினது" என்பார். பாரத் எலக்ட்ரானிக்ஸில் அந்த இயந்திரம் உருவானதில் சுஜாதாவுக்கு முக்கியப் பங்கு உண்டு என்பதால் இதில் பெரிய பிழையில்லை. விரலை வைத்து அழுத்தி, 'பீப்' சத்தத்தையும் கேட்ட பின்பு வெளியே வரும் வாக்காளர் ஒரு விஞ்ஞானக் கதைக்காரரின் கைவேலையைத் தொட்டுவிட்டு வருகிறார் என்பது ஆவன்னாவின் கட்சி. வேறெந்தக் கட்சியிலும் அவர் இல்லை.

இனாவுக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி. ஈயன்னாவுக்கு முன்பு போட்டோ ஸ்டுடியோ, இப்போது ஜெராக்ஸ் கடை. இது போதும்.

இனி மூலச் சான்று. எண்பதுகளின் நடுவில் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த 'என் இனிய இயந்திரா'வை, இனாவின் அக்கா பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்தார். பழுப்புக் காலிகோ அட்டை, முதுகில் நூல் தையல், மைதாப் பசை. ஓரம் வெட்டிய பைண்டர் கை கொஞ்சம் தாராளம். பல பக்கங்களில் எண் போய்விட்டது, சில இடங்களில் கடைசி வரியின் கால்கள் போய்விட்டன. பக்கத்தின் பின்புறத்தில் சம்பந்தமில்லாமல் பாதி ஜோக் இருக்கும். மீதிப் பாதி எந்த வீட்டில் இருக்கிறதோ. நிலா அழுதுகொண்டிருக்கும் பக்கத்தைத் திருப்பினால் தலைவலித் தைலம். ராமபாணப் பூச்சி முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைவரை நேர்கோட்டில் துளைத்துச் சென்றிருக்கிறது. நால்வரில் எவரும் அவ்வளவு ஒழுங்காக முதலிலிருந்து கடைசிவரை படித்ததில்லை.

இந்த பைண்டில் ஒரு வாரத்து அத்தியாயம் இல்லை. ஆய்வின் மையம் இதுவே.

அது ஏன் இல்லை என்பதில் நான்கு மரபுகள் நிலவுகின்றன. அந்த வாரத்து இதழ் மண்டிக்குப் போய்ப் பொட்டலமாகிவிட்டது, செஞ்சியில் யாரோ ஒருவர் அதில் வறுத்த மல்லாட்டை தின்றிருக்கிறார் என்பது அனா மரபு. பைண்டர் தைக்கும்போது விட்டுவிட்டார் என்பது ஆவன்னா மரபு. படத்துக்கு ஆசைப்பட்டு ஈயன்னாவே கிழித்துக்கொண்டார் என்பது இனா மரபு. ஈயன்னா மரபோ எல்லாவற்றிலும் துணிச்சலானது: அப்படி ஓர் அத்தியாயமே கிடையாது, கதை தொடர்ச்சியாகத்தான் போகிறது, மற்ற மூவருக்கும் படிக்கத் தெரியவில்லை.

அந்த அத்தியாயத்தில் என்ன நடந்தது என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஜீனோ பேசியதிலேயே சிறந்த பேச்சு அதில்தான் இருந்தது என்று அனா சத்தியம் செய்கிறார். ஜீனோ அந்த வாரம் வரவே இல்லை, அதனால்தான் மனசு கேட்காமல் இரண்டு தரம் படித்தேன் என்கிறார் ஆவன்னா. ஒரு சாயங்காலம் இனா குறுக்கிட்டபோது கேட்டது இது:

"நீ எப்படா படிச்ச? அந்த வாரம் உனக்கு அம்மை போட்டிருந்துச்சு."

"அம்மை போட்டா இன்னா, கண்ணு தெரியாதா?"

"வேப்பிலை வெச்ச வீட்ல விகடன் எவன்டா குடுத்தான்?"

"உங்க அக்காதான் ஜன்னல் வழியா குடுத்துச்சு. கேட்டுப் பாரு."

யாரும் கேட்கவில்லை. அக்கா இருப்பது திருவண்ணாமலையில், பஸ் ஏறினால் போய்விடலாம். நேரில் கேட்டால் விடை கிடைத்துவிடும் என்பதால் அம்முறை இந்த ஆய்விலும் கைவிடப்பட்டது. ஒரு கல்யாணத்தில் தற்செயலாக எதிர்ப்பட்ட அக்கா, "இன்னுமாடா அதையே பேசிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போனதாகத் தெரிகிறது. இது எந்த மரபுக்கும் சாதகமான சான்று ஆகாது.

அஃதேல், அந்நாவல் எப்போதோ புத்தகமாக வந்துவிட்டதே, ஒரு பிரதி வாங்கிப் பார்த்துவிட்டால் தகராறு தீராதோ எனின், தீரும். தீரும் என்பதே அதிலுள்ள குற்றம். ஆவன்னா ஒருமுறை சென்னைப் புத்தகக் கண்காட்சியில் அதைக் கையில் எடுத்து, புரட்டாமலே திரும்ப வைத்துவிட்டு வந்தவர். அச்சான புத்தகத்தில் ஆசிரியர் மாற்றியிருப்பார், தொடரில் வந்ததுதான் மூலபாடம் என்பது அவர் வாதம். தூர்தர்ஷனில் தொடராக வந்ததையும் இதே காரணம் காட்டி நால்வரும் ஒருமனதாகத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் ஒருமனதாகச் செய்த காரியம் இது ஒன்றுதான்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் தமிழ்ப் புலமை மரபை அறியாதவர்கள். முதற்சங்க நூல்களைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை; அவற்றைப் பற்றி எழுதியது ஒரு நூலகம் கொள்ளும். வளையாபதியிலும் குண்டலகேசியிலும் மிஞ்சியவை சில பாடல்களே. இரண்டுக்கும் ஐம்பெருங்காப்பியத்தில் இடம் உறுதி. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று தனிப் புத்தகமே எழுதினார். கிடைத்த நூலுக்கு உரை போதும். கிடைக்காத நூலுக்கோ ஊர் கூட வேண்டும்.

வெளிநாட்டுச் சான்றும் உண்டு. 1926-ல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டது. கடிதம் எழுதியவர்கள் ஒருவரையொருவர் தேடிப் போனார்கள், சங்கம் வைத்தார்கள், சண்டை போட்டார்கள். 1939-ல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியபோதே எதிர்கோஷ்டி ரசிகர்கள் சிலரை உள்ளே விடாமல் வாசலில் நிறுத்திவிட்டார்கள். செஞ்சி நால்வரில் எவரும் இதுவரை எவரையும் வாசலில் நிறுத்தியதில்லை. டீக்கடைக்கு வாசல் கிடையாது என்பதும் ஒரு காரணமாகலாம்.

இத்தகைய நட்பு செஞ்சியில் விளைந்தது தற்செயலா என்று அடுத்து ஆராய்வோம். இம்மண்ணின் நட்பிலக்கணம் 1714-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. ஆற்காட்டு நவாபின் படை வருகிறது என்றதும், கல்யாணக் கோலத்தில் இருந்த மகமத்கான் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நண்பன் செஞ்சி ராஜா தேசிங்குக்காகக் குதிரை ஏறினான் என்கிறது கதைப்பாடல். இனாவின் மகள் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்துக்கு ஆவன்னாவும் அனாவும் மண்டபத்துக்கு வெளியே நின்று ஜீனோ விவகாரத்தில் இறங்கியிருந்ததை இத்துடன் ஒப்பிடலாம். ஒருவர் நண்பனுக்காகக் கல்யாணத்தை விட்டார், மற்றவர் நாய்க்காக விட்டார், விட்டது கல்யாணத்தைத்தான்.

1960-ல் 'ராஜா தேசிங்கு' படத்தில் செஞ்சியை ஆண்ட எம்.ஜி.ஆர்., மூன்றே ஆண்டில் 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்துக்குப் போய்விட்டார். இரண்டிலும் பானுமதி உண்டு. தமிழில் வேற்றுக்கிரகவாசிகள் வந்திறங்கிய முன்னோடிப் படம் அது. பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனதும் அங்கே கலை வளர்க்கத்தான். செஞ்சி ராஜாவுக்கு விண்வெளி இயற்கையான அடுத்த கட்டம் என்று அனா இதற்குப் பொருள் கொள்கிறார். மறுக்க நம்மிடம் ஆதாரம் இல்லை.

லயன் காமிக்ஸ் சான்று இன்னும் வலுவானது. அதில் வந்த இயந்திர மனிதன் ஆர்ச்சிக்கு (ரசிகர் வழக்கில் சட்டித்தலையன்) ஒரு கால எந்திரம் உண்டு. பார்க்கச் சதுரங்கக் காய் மாதிரி இருக்கும் அதன் பெயர் கோட்டை. பையன்களாக இருந்தபோது நால்வரும் கிருஷ்ணகிரி உச்சி மண்டபத்தில் ஏறி உட்கார்ந்து, அதை எந்த வருஷத்துக்கு ஓட்டுவது என்று அடித்துக்கொண்டார்கள். 1677-க்குப் போய் சிவாஜியைப் பார்க்கலாம் என்றார் இனா. 2022 என்றார் ஆவன்னா. 'என் இனிய இயந்திரா' நடக்கும் காலம் அது. யாரும் இறங்கவில்லை, வண்டியும் கிளம்பவில்லை. சாயங்காலம் காவலாளி விசில் அடித்து இறக்கிவிட்டார்.

2022 தானாகவே வந்தது. புத்தாண்டு காலையில் நால்வரும் மாஸ்க் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கதையில் போல ஜீவா நாட்டை ஆளவில்லை. பெயர்கள் சுருங்கவில்லை, ஆதாரில் ஆவன்னாவின் பெயர் தந்தை பெயரோடு சேர்ந்து இரண்டு வரிக்கு நீண்டிருந்தது. பேசும் நாய் இல்லை, ஆனால் பேரன் கையில் இருந்த போன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. இனா அதனிடம் விடுபட்ட அத்தியாயத்தைப் பற்றிக் கேட்கப் போனார். மற்ற மூவரும் சேர்ந்து போனைப் பிடுங்கிப் பேரனிடமே கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷமும் கழிந்தது. எதிர்காலக் கதை இப்போது சரித்திரக் கதையாகிவிட்டது. தேசிங்கு, மராத்திய மன்னர் ராஜாராம், ஜீனோ எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

கடைசியாக, உடைமைச் சிக்கல். பைண்டு இனா வீட்டுச் சொத்து, இருப்பது ஈயன்னா வீட்டு அலமாரியில். படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கியது. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் இந்தக் கோட்டையைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டதைச் சரித்திரம் வியக்கிறது. இனாவின் முற்றுகையோடு வைத்துப் பார்த்தால் அது அவசரக்காரன் வேலை. இன்னொரு முன்னுதாரணமும் ஈயன்னாவுக்கு எதிராகவே இருக்கிறது. பதினாலாம் நூற்றாண்டுப் படையெடுப்பில் ஊர் ஊராய் அலைந்த ஸ்ரீரங்கத்து உற்சவரை விஜயநகர அதிகாரி கோபணாரியர் திருப்பதியிலிருந்து கொண்டுவந்து செஞ்சியை ஒட்டிய சிங்கவரத்தில் எழுந்தருளச் செய்து, 1371-ல் பத்திரமாக ஸ்ரீரங்கத்துக்கே திரும்ப அனுப்பினார். ரங்கநாதரையே திருப்பிக் கொடுத்த ஊர் இது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன் என்ற சுஜாதா எழுதியதை மட்டும் ஈயன்னா கொடுக்க மறுக்கிறார். தினமும் அதைக் கேட்க இனா வருகிறார், இல்லை என்று சொல்ல ஈயன்னா வருகிறார், சாட்சிக்கு மற்ற இருவரும் வருகிறார்கள். டீக்கடைக்காரருக்கு இதனால் நஷ்டமில்லை.

2008 பிப்ரவரி 27-ஆம் தேதி சுஜாதா காலமான செய்தி வந்தபோது மட்டும் இனா புத்தகத்தைக் கேட்கவில்லை. ஈயன்னாவே அதைத் தாளில் சுற்றி எடுத்துவந்து பெஞ்சில் வைத்தார். நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் புரட்டினார்கள். விடுபட்ட இடம் வந்ததும் அனா ஆரம்பித்தார், ஆவன்னா மறுத்தார். கடை மூடும் நேரத்தில் ஈயன்னா அதை மறுபடி சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இனா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆய்வின் முடிபு இது: மேற்படி அத்தியாயம் கிடைத்தால் தமிழிலக்கியத்துக்கு லாபம் ஏதுமில்லை, செஞ்சிக்கு நஷ்டம் உண்டு. எனவே அந்நாளைய விகடன் இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உதவி செய்வதாக நினைத்து அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துச் செஞ்சிக்கு அனுப்பிவிட வேண்டாம். அனுப்பினாலும் அது ஈயன்னாவின் கடைக்குத்தான் வந்து சேரும். அவர் யாருக்கும் காட்டப் போவதில்லை.